ஏர் கன் கோணலா... ஆள் கோணலா?

சிவகாசிப் பக்கத்து ஆளிடம் "துப்பாக்கி" என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "மருந்து எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் ஜில்லாவில் மருந்து என்றால் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பது இரண்டாவது அர்த்தம். முதல் அர்த்தம், வெடிக்குள் அடைப்பது. சத்தம் எவ்வளவு, புகை எவ்வளவு என்று வைத்துத்தான் சரக்குக்கு மரியாதை. அப்படிப்பட்ட சீமையில் மருந்தே இல்லாமல், வெறும் காற்றை வைத்துச் சுடும் ஏர் ரைபிளைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? "ஊதுறதுக்குப் பேரு துப்பாக்கியா?" என்பார்கள்.

அந்த இளக்காரம்தான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். ஏர் ரைபிள் வாங்கிய ஒவ்வொரு இளைஞனும் முதல் வாரம் அதைத் துடைக்கிறான். இரண்டாவது வாரம் சுடுகிறான். மூன்றாவது வாரம், "இதுக்குப் பவர் பத்தலையே, ஏத்த முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. விருதுநகரில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். வீடு, விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே உள்ள மல்லாங்கிணறில். திங்கள் முதல் சனி வரை பற்று வரவு. ஞாயிற்றுக்கிழமையானால் திண்ணையில் பழைய பெட்ஷீட்டை விரித்துப்போட்டு ஏர் ரைபிள் ரிப்பேர். காசு வாங்குவதில்லை. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. "ஊரான் துப்பாக்கிக்கு வாஷர் மாத்தத் தெரியுது, நம்ம வீட்டுக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது" என்று உள்ளேயிருந்து அவ்வப்போது ஒரு குரல் வரும். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இத்தனை வருஷ ரிப்பேரில் நான் தெரிந்துகொண்டது ஒரே ஒரு விஷயம். விலை மலிவான ஏர் ரைபிளுக்குப் பவர் குறைவு என்பது பிரச்னையே இல்லை. அது நேற்று சுட்ட மாதிரி இன்று சுடுவதில்லை, அதுதான் பிரச்னை. அதைச் சரிசெய்ய முக்கால்வாசி நேரம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

காற்றுதானே என்று நினைக்காதீர்கள்

காற்றுத் துப்பாக்கி ஒன்றும் விளையாட்டுச் சாமானாகப் பிறந்ததல்ல. ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த ஏர் ரைபிளை ஆஸ்திரிய ராணுவம் 1780 வாக்கில் படையில் சேர்த்தது. புகை கிடையாது, எங்கிருந்து சுடுகிறார்கள் என்று எதிரிக்குத் தெரியாது. 1804-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய லூயிஸ் - கிளார்க் குழுவினர் கையிலும் ஓர் ஏர் ரைபிள் இருந்தது. போகிற வழியில் பழங்குடி மக்களுக்கு அதைச் சுட்டுக் காட்டி அசத்தியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கும் '35' நம்பர் ரைபிள்களுக்குப் பூர்வீகம் ஜெர்மனி. அங்கே ராஸ்டாட் என்ற ஊரில் தயாரான டயானா 35 மாடலைப் பார்த்துச் செய்தவை இவை. கான்கிரீட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனியும் ஏர் ரைபிள் செய்தது என்றால் நம்புவீர்களா? குழாய் என்று வந்துவிட்டால் தண்ணீர் போனால் என்ன, ரவை போனால் என்ன!

உள்ளே நடப்பது சைக்கிள் பம்பு விவகாரம்தான். குழலை மடக்கும்போது ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. டிரிக்கரைத் தொட்டதும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் மாட்டிக்கொண்ட காற்று, தப்பிக்க வழி தேடி ஒரு சின்னத் துவாரத்தின் வழியாகச் சீறி, ரவையைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. அவ்வளவுதான். பம்பில் வாஷர் காய்ந்தால் காற்று ஏறாது. இதிலும் அப்படியே. சைக்கிளுக்குக் காற்றடித்துப் பழகிய யாருக்கும் பாதி ரிப்பேர் ஏற்கெனவே தெரியும்.

பலூன்காரர் வந்தார்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே தீபாவளி மாதிரி. பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம் என்று ஊரே திமிலோகப்படும். அதற்கு நாலு நாள் இருக்கும்போது பலூன் சுடும் கடை போடுகிற ஒருவர், சாக்கில் சுற்றிய இரண்டு ரைபிள்களோடு என் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

"சார், ரெண்டும் படுத்திருச்சு. ஒண்ணு காய்ச்சக்காரன் மாதிரி சுடுது. இன்னொண்ணு குடிகாரன் மாதிரி சுடுது."

"என்ன வித்தியாசம் அண்ணாச்சி?"

"காய்ச்சக்காரன் நேராத்தான் போறான், தெம்பு இல்ல. பலூன் மேல பட்டுக் கீழ விழுது. குடிகாரனுக்குத் தெம்பு இருக்கு, எங்க போவான்னுதான் தெரியல."

இதைவிடத் துல்லியமாக எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தரைவாடகைய வட்டிக்கு வாங்கிக் கட்டியாச்சு சார். பொங்கலு ஓடுனாத்தான் பாக்கி வருசம் ஓடும். புதுசு வாங்க வழியில்ல. துப்பாக்கி படுத்தா நானும் படுக்க வேண்டியதுதான்."

அதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி வந்துவிட்டான். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை. எல்லா விஷயத்திலும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு.

"இதுக்கெதுக்குண்ணே கஷ்டம்? குழலுக்குள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. டமால்னு சத்தம் கேக்கும், பொகையும் வரும். பவர் சும்மா பிச்சுக்கும்!"

சத்தமும் புகையும்! சொன்னேனே, சீமை அப்படி.

அவன் சொல்வது முழுப்பொய் இல்லை. தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் டீசல் என்ஜினுக்குள் தீ வைக்க எதுவுமே கிடையாது. காற்றை வேகமாக அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஏர் ரைபிளுக்குள் தையல் மெஷின் எண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ விட்டால் அதே கதை. பிஸ்டன் பாயும்போது எண்ணெய் ஆவி பற்றுகிறது. டமால். ரவையும் கொஞ்சம் வேகமாகத்தான் போகும், அந்த ஒரு முறை. அடுத்த முறை எண்ணெய் கொஞ்சம் குறைவாக எரியும். ரவை இரண்டு அங்குலம் கீழே போகும். அதற்கடுத்த முறை வேறெங்கோ. நடுவில் வாஷர் கருகும், ஸ்பிரிங் விரிசல் விடும். காற்றுத் துப்பாக்கிக்குள் வெடி வைப்பது, சைக்கிள் டியூபில் குக்கர் ஆவியைப் பிடித்து அடைப்பது மாதிரி. தம்பியை ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்தேன்.

முதலில் ஸ்க்ரூ, அப்புறம்தான் சாஸ்திரம்

குடிகாரனை முதலில் எடுத்தேன். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் முன்பக்கம் இரண்டு, டிரிக்கர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்பிரிங் ஓர் உதை உதைக்கிறது. நூறு உதையில் ஸ்க்ரூ தளராமல் என்ன செய்யும்? முன் ஸ்க்ரூ இரண்டும் விரலாலேயே திரும்பின. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் போட்டு, நிற்கிற இடம் வரை வந்து, அதற்குமேல் கால் திருப்பு. கால் என்றால் கால்தான். பலசாலித்தனத்தைக் காட்டினால் மரம் நசுங்கி, அடுத்த வாரம் மறுபடி தளரும். சைஸ் தப்பான ஸ்க்ரூ டிரைவர் போட்டால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும்.

அடுத்து, குழல் மடங்குகிற இடத்தில் இருக்கும் பெரிய போல்ட். சோதிப்பது சுலபம். ரவை போடாமல், ஸ்பிரிங்கை முழுக்க இழுக்காமல் குழலை லேசாக மடக்கிப் பாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி. செத்த பாம்பு மாதிரி தொங்கினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. மூடிய நிலையில் குழலைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் துளியும் ஆடக்கூடாது. ஏனென்றால் முன்குறி குழலில் இருக்கிறது, பின்குறி உடம்பில் இருக்கிறது. குழல் ஆடினால் இரண்டு குறிக்கும் டைவர்ஸ் ஆன மாதிரி. ஒன்று கிழக்கே பார்க்கும், மற்றது மேற்கே.

குழல் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சினிமா. ஹீரோ ஒரு கையால் படக்கென்று மூடுவான். நம் ஆளும் மூடுவான். ஒவ்வொரு 'படக்'குக்கும் இந்தப் போல்ட் அழுகிறது. மூடும்போது இரண்டு கையாலும், கதவு சாத்துகிற மாதிரி மெதுவாக மூடவேண்டும்.

மூன்றாவது, மூட்டு வாஷர். குழலும் உடம்பும் சேரும் இடத்தில் சின்ன வளையமாக உட்கார்ந்திருக்கும். இது தேய்ந்தால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். கண்டுபிடிக்க, தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழியுங்கள். ராகு காலம் போட்ட துண்டு போதும். ரவை போட்டு மூடி, அந்தத் துண்டை மூட்டின் மேல் வைத்து, மணல் மூட்டையைப் பார்த்துச் சுடுங்கள். தாள் அப்படியே இருந்தால் வாஷர் நல்ல வாஷர். எகிறிப் பறந்தால் காற்று கசிகிறது. குடிகாரனின் தாள் தம்பியின் மோர் டம்ளரில் போய் விழுந்தது. மோட்டார் பம்பு சாமான் விற்கிற கடையில் அதே அளவு ரப்பர் வளையம் வாங்கி, பழையதைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டு, புதியதை அழுத்தியதோடு வேலை முடிந்தது. செலவு, ஒரு டீக்கும் குறைவு.

காய்ச்சல்காரன் கதை வேறு. பழைய ரகம், பிஸ்டன் தலையில் தோல் வாஷர். வெயில் காலத்தில் பரண்மேல் கிடந்து தோல் அப்பளமாகக் காய்ந்திருந்தது. இதற்கு உள்ளே திறக்கவே வேண்டாம். குழலை மடக்கினால் காற்று வரும் சின்னத் துவாரம் தெரியும். அதில் சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, துவாரம் மேலே இருக்கும்படி ராத்திரி முழுக்கச் சாய்த்து வைத்தேன்.

"அண்ணே! நான் எண்ணெய் விடச் சொன்னப்ப மோர் குடுத்து உட்கார வச்சீங்க. இப்ப நீங்களே விடுறீங்க?"

"தம்பி, நீ சொன்னது எரியிற எண்ணெய். இது லேசில் பற்றாத எண்ணெய். நீ சொன்னது பவருக்கு. இது தோல் காயாம இருக்க. பிளாஸ்டிக் வாஷர் போட்ட துப்பாக்கின்னா இதுகூடத் தேவையில்ல."

மறுநாள் சாயங்காலம் சுட்டபோது காய்ச்சல் இறங்கியிருந்தது.

சரி, ஸ்பிரிங்கே போயிருந்தால்? மடக்கும்போது கரகரவென்று அரைக்கும், சுட்டபின் 'கிண்ண்ண்' என்று ரீங்காரமிடும். அப்போது தயவுசெய்து பின்பக்கத்தைக் கழற்றாதீர்கள். சுடாமல் சும்மா இருக்கும்போதும் அந்த ஸ்பிரிங் அமுக்கித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி ஆணியை எடுத்ததும் உள்ளே இருப்பதெல்லாம் ராக்கெட் மாதிரி புறப்பட்டு வரும். புறப்படுகிற திசையில் உங்கள் முகம் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் இறுக்கி இருப்பவர்கள் மட்டும் செய்யவேண்டிய வேலை அது. வெடி ஆபீஸில் வேலை தெரிந்த ஆளைத்தான் மருந்துக் கலவையில் விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஸ்பிரிங் நீண்ட நாள் வாழ மூன்று விதி. இழுத்த துப்பாக்கியை இழுத்தபடி சாத்தி வைக்காதீர்கள். ரவை இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள்; தடுக்க ரவை இல்லாததால் காற்று சீக்கிரம் ஓடிவிட, மெத்தை இல்லாமல் பிஸ்டன் சுவரில் முட்டிக்கொள்ளும். மூன்றாவது, உயிர் விதி: குழல் மடங்கியிருக்கும்போது டிரிக்கரில் விரல் போகவே கூடாது. குழல் எலிப்பொறி மாதிரி மேலே அடிக்கும். ரவை போடுகிற விரல் அப்போது அங்கேதான் இருக்கும். அதனால் ரவை போட்டு மூடும்வரை ஒரு கை குழலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

குறியைத் திருத்தும் கணக்கு

இரண்டு ரைபிளும் இப்போது ஒரே மாதிரி சுட்டன. ஆனால் ஒரே மாதிரி தப்பாகச் சுட்டன. இது நல்ல செய்தி! ஆபீஸ் கணக்கில் தினமும் ஒரே ஒன்பது ரூபாய் உதைத்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் தொண்ணூறு என்றால்தான் தலைவலி.

ஆகவே முதல் பாடம்: ஒரு ரவையைப் பார்த்துக் குறியைத் திருகாதீர்கள். ஐந்து சுடுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் கூடவேண்டும். கூடியபின் அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துங்கள். கூடாத கூட்டத்தை நகர்த்த முடியாது, அரசியல்வாதிகளைக் கேட்டுப் பாருங்கள்.

நகர்த்துகிற விதி சுலபம். ரவை எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்துங்கள். வலது போகவேண்டுமா, வலது. மேலே போகவேண்டுமா, மேலே. முன்குறியை நகர்த்துவதாக இருந்தால் எல்லாம் தலைகீழ்.

எவ்வளவு நகர்த்துவது? கணக்குப்பிள்ளை ஆயிற்றே, ஃபார்முலா இல்லாமல் விடுவேனா. எவ்வளவு தப்புகிறதோ அதை, இரண்டு குறிக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். குடிகாரனில் குறிகளின் இடைவெளி 40 சென்டிமீட்டர். பலூன் பலகை 3 மீட்டரில், அதாவது 300 சென்டிமீட்டரில். ரவை 3 சென்டிமீட்டர் இடது பக்கம் போகிறது. 3 பெருக்கல் 40, வகுத்தல் 300. விடை 0.4 சென்டிமீட்டர். பின்குறியை 4 மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ள வேண்டும். அதே 3 சென்டிமீட்டர் தப்பு 10 மீட்டரில் என்றால் 1.2 மில்லிமீட்டர் போதும். அரிசி மணி அகலம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திருகுகிறவர்கள் ஆயுசுக்கும் திருகிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதில் சாமானியன், சாம்பியன் வித்தியாசமே கிடையாது. 2008 ஆகஸ்ட் 11. பீஜிங் ஒலிம்பிக்ஸ், 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று. அபினவ் பிந்த்ரா, கணக்கில் வராத முன்னோட்டக் குண்டைச் சுடுகிறார். பத்துக்குப் பக்கத்தில் விழவேண்டியது நாலில் விழுகிறது! குறி எப்படியோ நகர்ந்திருக்கிறது. ஆள் பதறவில்லை. அதே சில நிமிஷத்தில் குறியைத் திருகித் திருகித் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 அடித்து, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். அந்த இலக்கில் பத்தாம் புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி. அவர் துப்பாக்கியின் விலைக்கு நம் தெருவில் வீடே ஒத்திக்குக் கிடைக்கலாம். ஆனால் குறியைத் திருத்துகிற விதி அவருக்கும் பலூன் கடைக்கும் ஒன்றுதான்.

நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அந்தப் பெண்ணிடம் போய், "பவர் எவ்வளவும்மா?" என்று யாரும் கேட்பதில்லை.

இனி, ஆள் கோணல்

துப்பாக்கி நேராகிவிட்டது. அப்படியும் தப்பினால்? கண்ணாடியைப் பார்க்க வேண்டியதுதான்.

ஸ்பிரிங் ரைபிள் விசித்திரமான ஜந்து. ரவை வெளியேறுவதற்குள் உள்ளே பிஸ்டன் ஓடி, முட்டி, துப்பாக்கியைப் பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை உலுக்கிவிடுகிறது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தால், நீங்கள் இறுக்குகிற அளவைப் பொறுத்து ரவை இடம் மாறும். மனுஷனால் இரண்டு தடவை ஒரே மாதிரி இறுக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரி தளர்வாகப் பிடிக்க முடியும். தூங்குகிற கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி, இடது உள்ளங்கையில் சும்மா உட்கார வையுங்கள். உலுக்குவதை அதன் இஷ்டத்துக்கு விடுங்கள். சுவர் விளிம்பிலோ மேஜை முனையிலோ குழலை வைத்துச் சுட்டால் எகிறும். கீழே தலையணை போட்டு, அதன்மேல் கையை வைத்து, கைமேல் துப்பாக்கி.

அடுத்து ரவை. மலிவு டப்பாவைப் பீங்கான் தட்டில் கொட்டிப் பாருங்கள். பாவாடை நசுங்கியது, தலை கோணியது எனப் பத்துக்கு இரண்டு தேறாது. அவற்றைத் தள்ளிவிடுங்கள். ரவை ஈயம், ஞாபகமிருக்கட்டும். வாயில் நாலு ரவையை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் திருவிழாக் கடைகளில் உண்டு. ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கைத் தொடவேண்டும்.

பலூன்காரரிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. பலூன் கடையில வேணும்னே குறியை வளைச்சு வெச்சிருப்பாங்கன்னு ஊரே சொல்லுதே?"

அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"எவனாச்சும் இருப்பான் சார். எனக்குக் கட்டாது. பலூன் என்ன வெல? ஒரு குண்டுக்கு வாங்குற காசுல பாதி கூட இல்ல. பலூன் ஒடஞ்சா எனக்கு நட்டம்னு நெனக்கிறாங்க. ஒடஞ்சாத்தான் சார் லாபம். டப்புனு சத்தம் கேட்டாத்தான் போறவன் திரும்பிப் பாப்பான். அடிச்சவன் இன்னொரு அஞ்சு குண்டு கேப்பான். கூட வந்த பொண்டாட்டி புள்ளைக கைதட்டும். அடி விழலேன்னா, 'எல்லாம் ஏமாத்து'ன்னு ஊர் பூராச் சொல்லிட்டுப் போயிருவான். கோணத் துப்பாக்கி ஒரு நாளைக்குச் சோறு போடும் சார். நேர்த் துப்பாக்கி பதினஞ்சு நாளைக்கும் போடும்."

எம்.பி.ஏ. படித்தவர்கள் இதை நாலு ஸ்லைடு போட்டுச் சொல்வார்கள்.

பிறகு ஏன் அந்தக் கடைகளில் நமக்குத் தப்புகிறது? ஒரு நாளைக்கு நூறு பேர் கை மாறுகிறது. ஒருவர் ஊன்றுகோலாக ஊன்றுகிறார். ஒருவர் படக்கென்று மூடுகிறார். பையன்கள் வெறுமனே சுட்டுப் பார்க்கிறார்கள். ராத்திரிக்குள் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். எனவே அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, தினமும் கடை திறக்குமுன் கால் திருப்பு, ஐந்து குண்டு, சரிபார்ப்பு என்று சொல்லி அனுப்பினேன். பொங்கல் முழுக்க இரண்டு ரைபிளும் படுக்கவில்லை. வட்டிக்காரருக்கும் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது.

இந்த நேர்மை எல்லைக்குள் இருக்கட்டும்

இப்போது, பவர் ஏற்றச் சொல்லி வரும் தம்பிமார்களுக்கு. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழல் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு உள்ளேயும், சக்தி 20 ஜூலுக்கு உள்ளேயும் இருக்கும் வரைதான் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெரிய ஸ்பிரிங்கைத் திணித்து அந்தக் கோட்டைத் தாண்டினால், உங்கள் திண்ணையில் இருப்பது சட்டப்படி வேறு சாமான். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் சாதாரண ரைபிளே ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். சிமென்ட் சுவரிலும் பீரோவிலும் பட்ட ரவை சொல்லாமல் திரும்பி வரும். பின்னால் மணல் மூட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, சுற்றிலும் குழந்தைகள் இல்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ரைபிள் உறையை விட்டு வெளியே வரக்கூடாது.

இன்னொன்று. எங்கள் ஊர்க் கரிசல்காட்டில் மயில் அகவாத காலை கிடையாது. வேலிக்கருவையில் கௌதாரி, கண்மாயில் கொக்கு. அடித்துப் பார்க்கத் தோன்றும். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. அதைத் தொட்டால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடும். மற்றப் பறவைகளுக்கும் அந்தச் சட்டத்தில் காவல் உண்டு. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர் கன்களைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதுதான் காரணம். ஜனங்கள் வரிசையில் வந்து கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. எங்கள் சரக்கை வாங்காத ஊர்தான், இருந்தாலும் மரியாதை செய்கிறோம்!

அப்படியானால் எதைத்தான் சுடுவது? வழி இருக்கிறது. சிவகாசி புண்ணியத்தில் தமிழ்நாட்டில் காலண்டர் அட்டை இல்லாத வீடு கிடையாது. போன வருஷத்து அட்டையை எடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். மணல் மூட்டையில் சாய்த்துவிட்டு, பத்து மீட்டர் அளந்து தள்ளி உட்காருங்கள். ஐந்து ரவை. ஐந்தும் அந்த ரூபாய்க்குள் விழுந்தால், உங்கள் மலிவு ரைபிளிடமிருந்து வாங்கவேண்டியதை எல்லாம் வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். விழாவிட்டால் ஸ்க்ரூவைப் பாருங்கள், வாஷரைப் பாருங்கள், குறியைப் பாருங்கள், பிடியைப் பாருங்கள். வரிசை மாறக்கூடாது.

என் திண்ணைக்கு வந்த பிரஸ் தம்பி ஐந்தில் மூன்று வரை வந்திருக்கிறான். பவர் பற்றிக் கேட்பதை நிறுத்தி ஒரு மாசம் ஆகிறது.